நான்கு பக்கம் படித்தவர்

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்குத் தன் ஐம்பத்தேழாவது வயதில்தான் இரண்டு முழு நாள் சும்மா இருக்க வாய்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி காலை வாரிவிட்டது. கணுக்கால் பிசகியது. எலும்பில் ஒன்றுமில்லை, திங்கட்கிழமை வரை காலைத் தொங்கப்போடாமல் தலையணைமேல் வைத்திருங்கள் என்று சொல்லி, கட்டுப் போட்டு அனுப்பினார் டாக்டர். வலியைவிட அவருக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. அந்த ஏணியின் கடைசிப் படி சரியில்லை என்று போன வருஷம் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

முப்பத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் வேலை. கட்டடம் கட்டடமாகப் போவார். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு முழுசாகச் சாத்தாவிட்டால் பெட்டி நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார். இல்லாவிட்டால் சிவப்பு மை. அவர் ஸ்டிக்கர் ஒட்டிய லிஃப்டில் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவர் அலுவலகத்தில் சொல்வார். வீட்டிலும் சொல்வார்.

வீட்டுக்குள்ளும் அதே கண்ணோடுதான் வருவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்து, விரல் நுனியை வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றாக வரும். குக்கர் கைப்பிடி ஆடுகிறது. பால் பாத்திரம் திறந்து கிடக்கிறது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிகிறது. குரலை உயர்த்தமாட்டார். கை நீட்டியதில்லை. சொல்லிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

அவருடைய மைத்துனி, அதாவது மனைவியின் ஒரே தங்கை, அவருக்கு வைத்த பெயர் திவான். கல்யாணத்துக்கு முன்பே வைத்துவிட்டாள். நிச்சயமான பிறகு அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, உட்காருங்கள் என்று காட்டிய நாற்காலியை அவர் குனிந்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. "திவான் வந்துட்டாருடி" என்று சின்னவள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அவருக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. சம்பளமோ சொற்பம், படிப்போ டிப்ளமா. அப்படிப்பட்டவனைப் பார்த்த மாத்திரத்தில் திவான் என்கிறார்களே என்று.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கல்யாணமான முதல் மாதமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. மனைவி கூடவே கொண்டுவந்த பெட்டியில் பழங்காலத்து நாவல் ஒன்று இருந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம், பிரவுன் பேப்பர் அட்டை. அக்காளும் தங்கையும் பள்ளிக்கூட நாளிலிருந்து மாற்றி மாற்றிப் படித்து, பாதி வசனம் இருவருக்கும் மனப்பாடம். "இதுல ஒரு திவான் வர்றாரு, படிச்சுப் பாருங்க" என்று அவரிடம் கொடுத்தாள். அவர் நான்கு பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்திலேயே திவானைப் பற்றி ஒரு வரி வந்தது: அவர் பெயரைச் சொன்னால் மாளிகையில் அழுகிற குழந்தையும் வாயை மூடும் என்று. அது போதும் என்று நினைத்தாரோ, தூக்கம் வந்ததோ, புத்தகத்தைப் பத்து நாள் தலைமாட்டில் வைத்திருந்துவிட்டு, பிரமாதம் என்று திருப்பிக் கொடுத்தார். கதையில் யாரை ரொம்பப் பிடித்தது என்று கேட்டாள். "திவானைத்தான். அவன் இல்லன்னா அந்த வீடு என்ன ஆகும்?" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவர் தோளில் தலை சாய்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். ஒரு பெண்ணை இவ்வளவு சந்தோஷப்படுத்த முடியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் அவர் திவானாகவே இருந்தார்.

சனிக்கிழமை காலை மனைவி இரண்டு நாளைக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இருவரும் ஒரு மாதமாகப் பேசிவைத்தது. மனைவி கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவள். தங்கை பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். கால் இப்படி இருக்கும்போது எப்படிப் போவது என்று மனைவி தயங்கினாள். போய்விட்டு வா, நான் என்ன குழந்தையா என்றார் அவர். போகும்போது கேஸை மூடிவிட்டுப் போகும்படி மூன்று முறை சொன்னார். அவள் ஃபிளாஸ்க்கில் டீ, பாத்திரத்தில் சோறு, தட்டு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

செய்தித்தாள் ஒன்பது மணிக்கே தீர்ந்துபோனது. டிவி கனெக்‌ஷனை உருப்படியாக எதுவும் வருவதில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எடுக்கச் சொல்லிவிட்டார். மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை இரண்டு தரம் படித்தார். பிறகு கையை நீட்டினால் எட்டுகிற அலமாரியில் அந்தப் பிரவுன் அட்டை கண்ணில் பட்டது. சரி, நம் திவான் அப்படி என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று எடுத்தார்.

முதலில் அந்த நடை அவருக்குச் சரிப்படவில்லை. எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து, அன்பார்ந்த வாசகர்களே, இந்தப் பெண் அழுது முடிப்பதற்குள் நாம் தோட்டப்பக்கம் ஒரு நடை போய்வருவோம் என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒருவர் ஒரு கடிதத்தைப் பிரிப்பதற்கு இரண்டரைப் பக்கம் ஆயிற்று. இதைப் பாதியாகச் சுருக்கியிருக்கலாம் என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை. மலைமேல் ஒரு மாளிகை, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு அண்ணன் தம்பிகள், காணாமல் போன உயில், யார் பெற்ற பெண் என்று தெரியாமல் அந்த வீட்டில் வளர்கிற ஒரு பெண். அந்தப் பெண் மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிற இடத்தில் அவர் டீயை ஆறவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது மணி பன்னிரண்டு. மூன்று மணி நேரம் ஒரு காரியமும் ஆகாமல் போயிருக்கிறது. அது அவருக்குக் குற்றமாகத் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். வெளியே லேசாகத் தூறியது. கால் தலையணைமேல் கிடந்தது. சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடியும் புத்தகத்தை எடுத்தார்.

ஒன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பு: 'திவான் வருகிறார், பூனைகள் ஓடுகின்றன.'

அவர் ஒரு நிமிஷம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு போய் முகம் கழுவி வந்தார். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை முழுசாக ஊற்றிக்கொண்டார். தன் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரு ஏற்பாடு.

திவான் குதிரை வண்டியிலிருந்து இறங்கினார். உயரம், ஒல்லி, மடக்கிய குடை. வாசலிலேயே நின்று, கண்ணாடி மேஜையின்மேல் ஒரு விரலை ஓட்டி, விரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. இதில் என்ன தப்பு? தூசி இருந்தால் தூசி இருக்கிறது என்றுதானே சொல்ல வேண்டும்? திவான் சமையல்காரியிடம் பாத்திரங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். கூடத்துக் கடிகாரம் ஒரு நிமிஷம் முந்துகிறது என்று அதை நிறுத்தினார். எல்லோரும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்கள். அவர் மாடிப்படி ஏறியதும் சமையல்காரி கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டாள்.

எழுதியவருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர்.

அடுத்த பக்கத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி திவானைப் போல நடந்து காட்டினார்கள். விரலை நீட்டி, மூக்கைச் சுளித்து, தொண்டையைச் செருமி. சிரிப்பை அடக்கமுடியாமல் ஒருத்திக்கு விக்கல் வந்தது. மாடியில் திவான் அந்தச் சிரிப்பைக் கேட்டார். கேட்டு, மீசையைத் தடவிக்கொண்டு தனக்குள் சொல்லிக்கொண்டார்: 'இந்த வீட்டில் இவ்வளவு மகிழ்ச்சி பொங்குகிறதே, யாரால்? நான் இல்லாவிட்டால் இந்த மாளிகை என்ன ஆகும்?'

இன்ஸ்பெக்டர் அந்த வரியைத் திரும்பப் படித்தார். பிறகு பக்கங்களை வேகமாகப் புரட்டினார். திவான் வருகிற ஒவ்வொரு அத்தியாயமும் அந்தக் கேள்வியில்தான் முடிந்தது. வேலைக்காரர்கள் அதைத் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். வண்டிக்காரன் குதிரையிடம் சொன்னான். கதையில் யாருக்காவது சிரிப்பு வேண்டுமென்றால் அந்த வரியைச் சொன்னால் போதும்.

கல்யாணமான முதல் மாதம் தன் வாயிலிருந்து வந்ததும், மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. அந்த ஒரு நாளைத்தான் அவர் இத்தனை வருஷமும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. சீக்கிரம் படுத்தார். படுத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை அவர் படித்தது கதையை அல்ல. பழுது பார்க்கிறவரைப் போல, திவான் வருகிற இடங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார். திவானுக்கு ஒரு மனைவி இருந்தாள். முழுப் புத்தகத்திலும் அவள் பேசுவது ஏழு வரி. அவளைப் பற்றி எழுதியவர் ஓரிடத்தில் சொல்லியிருந்தார்: 'கணவர் தூங்கும் நேரமே அந்த அம்மாளுக்குப் பொழுது விடியும்.' திவான் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால்கூட இன்ஸ்பெக்டர் பொறுத்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை வெறுக்கவில்லை, அவருக்குப் பயப்படவும் இல்லை. அந்த அழுகிற குழந்தை விஷயம்கூட வேடிக்கையாக எழுதியதுதான். திவான் பெயரைச் சொன்னால் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரிக்குமாம், அது நூற்று நாற்பதாவது பக்கத்தில் இருந்தது. கடைசியில் மாளிகையை விற்றுவிட்டு எல்லோரும் வண்டிகளில் ஏறிப் போகிறார்கள். திவான் நிலவறையில் எண்ணெய்ச் சாடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே வந்தவர் கூடம் அமைதியாக இருப்பதைப் பார்த்து, ஒழுங்கென்றால் இதுதான் என்று திருப்திப்படுகிறார். அத்தோடு எழுதியவரும் அவரை விட்டுவிட்டு, கதாநாயகியின் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக வந்தது. மகள் பதினான்கு வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்த கையோடு அவர் பிறந்தநாளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்து, அதில் 'திவான்' என்று பெயிண்டில் எழுதியிருந்தாள். அதை அவர் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மேஜைமேல் வைத்து, வீட்டில் என்னைத் திவான் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மகள் கல்யாண விருந்தில் மைத்துனி எழுந்து, இந்த ஏற்பாடெல்லாம் யாரால், எங்கள் திவான் இல்லாவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்றபோது ஒரு மேஜை முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. அவர் எழுந்து நின்று கும்பிட்டார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. ஊருக்கே தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல், அதுவும் தன்னைப் பற்றியே.

ஐந்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. மைத்துனி அக்காளை இறக்கிவிட்டு, கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினாள்.

"திவானுக்குக் கால் எப்படி இருக்கு? ஏணி மேல நடவடிக்கை எடுத்தாச்சா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வலி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வண்டியை வழியில் நிறுத்தியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மனைவி தோளில் பையோடு உள்ளே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பிரவுன் அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் தங்கையோடு இருந்துவிட்டு வந்த சந்தோஷமும் அதில் சேர்ந்திருந்தது.

"அட, மறுபடியும் படிச்சீங்களா? நான் தொட்டே பத்து வருஷம் இருக்கும். எது வரைக்கும் வந்தீங்க?"

அந்த 'மறுபடியும்' அவர் காதில் ஏறவில்லை. நேற்றிலிருந்து சேர்த்துவைத்தது வாய்வரை வந்து நின்றது.

"முடிச்சுட்டேன். இருபத்தொம்பது வருஷமா நீயும் உன் தங்கச்சியும் என்னைக் கோமாளின்னு கூப்பிட்டிருக்கீங்க. பெத்த பொண்ணும் சேர்ந்துக்கிட்டா. நான் அதை ஆபீஸ்ல வேற பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அவள் முதலில் சிரித்தாள். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன இப்படிப் பேசறீங்க? இன்னைக்குத்தான் தெரிஞ்ச மாதிரி."

"இன்னைக்குத்தான் தெரியும்."

"நீங்கதான் படிச்சீங்களே. கல்யாணமான புதுசுல."

அந்த நேரத்தில் அவர் சமாளித்திருக்கலாம். படித்தேன், மறந்துபோய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவருக்கும் அது தோன்றியது. ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. தன்னைக் கேலி செய்தவர்களுக்கு முன்னால் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும் என்ற வீம்பு.

"நாலு பக்கம் படிச்சேன். அதுக்கு மேல யாரு படிக்கறது?"

மனைவி பையை இறக்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் ஆஸ்பத்திரியில் ஒருவர் எந்த எழுத்தும் தெரியவில்லை என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி அவரைப் பார்த்தாள்.

"அப்போ யாரைப் பிடிச்சுதுன்னு கேட்டதுக்குச் சொன்னீங்களே. அவன் இல்லன்னா அந்த வீடு என்ன ஆகும்னு."

"ஏதோ வாய்ல வந்துச்சு, சொன்னேன்."

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, ஏற்ற இறக்கமில்லாமல் பேசத் தொடங்கினாள்.

அவர் நாற்காலியை ஆட்டிப் பார்த்த அன்றைக்கே இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவளுக்கு இருந்ததாம். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. வந்த முதல் மாதம் தினமும் ஜன்னலில் விரல், பாத்திரத்தில் கண். ஒரு நாள் வேண்டுமென்றேதான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறாள். படித்தால் உறைக்கும், கோபித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினாலும் பேசட்டும் என்று. அவரோ பத்து நாள் வைத்திருந்து, படித்துவிட்டு வந்து, திவானைத்தான் பிடித்தது என்று திவானின் வசனத்தையே திருப்பிச் சொன்னார்.

"தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கத் தெரிஞ்ச மனுஷன்னு நினைச்சேன். இவர் குறை இவருக்கே தெரியுது, மாத்திக்க முடியலை, அதான் விளையாட்டா சொல்றாருன்னு. அப்படிப்பட்ட ஆளோட இருந்துடலாம்னு தோணுச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

இரண்டாவது வருஷம் அவள் அப்பா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் இருந்தாளே, அது உடம்பு சரியில்லாமல் இல்லை. இனிமேல் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துதான் போனாள். தங்கைக்கு மட்டும் தெரியும். அவர் கூட்டிப்போக வந்தபோது, தங்கை வாசலில் மறித்துக்கொண்டு, திவான் எதற்கு வந்தார், பாத்திரம் கழுவ ஆள் இல்லையா என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். குத்திப் பார்க்கத்தான். அவர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். திவான் வந்தால் வெறுங்கையோடு போகமாட்டான் என்றார். உள்ளே அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், இவ்வளவு சொல்லியும் சிரிக்கிறாரே, இந்த மனுஷன்மேல் நான்தான் ரொம்பக் கடுமையாக இருக்கிறேன் என்று நினைத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த நாளும் நினைவிருந்தது. மாமனார் வீட்டு வாசலில் தன்னைப் பட்டப்பெயர் சொல்லி வரவேற்றார்கள் என்று அவர் ரயிலில் வழியெல்லாம் பூரித்துக்கொண்டு வந்தார்.

"ஒவ்வொரு தடவை நீங்க விரலை ஓட்டிப் பார்க்கும்போதும் நான் என்ன நினைப்பேன் தெரியுமா? இவருக்கே தெரியும்னு நினைப்பேன். கூப்பிடும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டே திரும்புவீங்களே. அந்தச் சிரிப்புக்காகத்தான் மத்ததெல்லாம் போகட்டும்னு விட்டேன்."

"இப்ப என்ன ஆயிடுச்சு? நான் அதே ஆளுதானே."

அவள் எழுந்து, ஓரமாக இருந்த எச்சில் தட்டை எடுத்தாள்.

"அதே ஆளுதான்" என்றாள். "அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

அவர் கோமாளியானதைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிட்டது. கோபப்படும் உரிமை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்தவர் அவர். அது எப்போது கைமாறியது என்று அவருக்கே விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார், அவளா, தானா என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசித்துப் பார்த்தார். அவள் கேட்டாள்தான். மனசு நோகிற மாதிரி இருந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டோம் என்றாள். முன்பின் தெரியாதவர் காலை மிதித்துவிட்டவள் கேட்பது போல இருந்தது.

கால் சரியாகி அவர் வேலைக்குப் போனார். வீட்டில் விரல் ஓட்டுவதை நிறுத்தினார். ஜன்னலைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாத்திரம் திறந்திருந்தால் பார்க்காததுபோல் போனார். மூன்று வாரம் இப்படி இருந்து பார்த்தார். மனைவி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சொன்னதற்குப் பதில் சொல்வாள். கேட்டதைச் செய்வாள். முன்பெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்கிற சின்னச் சிரிப்பு, அடுப்படியில் போனில் தங்கையிடம் பேசும்போது வருகிற அந்தக் களுக்கென்ற சத்தம், அது மட்டும் இல்லை. அது இருந்தவரையில் அவர் அதைக் காதில் வாங்கியதில்லை.

மகள் போன் செய்தாள். அம்மா எல்லாம் சொன்னாள், நாங்கள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அப்பா என்றாள். அவளும் மிகவும் ஜாக்கிரதையாகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டால் என்ன? இப்போதுதான் புத்தகத்தை முழுசாகப் படித்தாயிற்றே. தெரிந்தே சிரித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா? அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மைத்துனிக்குப் போன் செய்தார். குரலில் வேடிக்கையை வரவழைத்துக்கொண்டார்.

"திவான் பேசறேன். நான் இல்லாம மாளிகை எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் லேபில் ஏதோ மெஷின் ராவுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க அத்தான்" என்றாள் மைத்துனி. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம், தங்கைக்கு லீவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவி வாராவாரம் அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாள். பிறகு திங்கட்கிழமை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, வேலை முடிந்து வந்தாள். அங்கிருந்து பஸ் வசதி என்றாள். வெள்ளிக்கிழமையே கிளம்பினாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவருக்குச் சமைத்து, டப்பாக்களில் போட்டு, எதை எப்போது சூடு பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். இதில் எதைக் குறை என்று சிவப்பு மையில் எழுதுவது?

மழைக்காலம் முடிந்து குளிர் ஆரம்பித்த ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, ஸ்வெட்டர், கம்பளி. மூன்று நாளைக்குக் கம்பளி எதற்கு என்று கேட்டார். தங்கை வீட்டில் பின்கதவு சரியாகச் சாத்தாது, குளிர் உள்ளே வருகிறது என்றாள்.

"கீல் இறங்கியிருக்கும். அரைமணி நேர வேலை. நாளைக்கு வந்து சரி பண்ணிக் குடுக்கட்டுமா?"

அவள் கம்பளியை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வேணாங்க" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."